கடற்பாலத்தின் இரு கரைகளும் மாணவர் மன்றமும்

சிங்கப்பூர்த் தீவின் வடகோடியில், ஜோகூர் நீரிணையின் குறுக்கே கல்லைக் கொட்டி எழுப்பிய ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள கடற்பாலத்தின் தென்முனையில் அமைந்திருக்கும் உட்லண்ட்ஸ், நாள்தோறும் ஏறத்தாழ 3 லட்சம் ஜனங்கள் தன் வாசலைக் கடந்து போவதையும் திரும்பி வருவதையும் பார்த்துப் பழகிப்போன ஊர். விடியுமுன்பே மறுகரையிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் வந்து சேரும் தொழிலாளர்களுக்கும், வார இறுதியில் மளிகை வாங்குவதற்காக ஜோகூர் பாருவுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கும், சோதனைச்சாவடியில் காத்துக் கிடப்பது சூரிய சந்திரர்களின் உதய அஸ்தமனத்தைப் போல மாற்ற முடியாத நியதியாகவே தோன்றிவிட்டது. ஆனால் 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தக் கடற்பாலம் விமரிசையாகத் திறந்துவைக்கப்பட்டபோது அதைக் கடந்தவர்களிடம் கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகவும் இல்லை. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானதன் விளைவாக, 1967ஆம் ஆண்டில்தான் அங்கே குடிநுழைவுச் சோதனை ஏற்பட்டது.

அந்தப் பிரிவினையைப் பேசி முடித்தவர்களில் முக்கியமான இருவர், 1965 ஜூலை மாதத்தில் கோலாலம்பூரில் இரகசியமாகச் சந்தித்துக்கொண்ட சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீயும், மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் ஆவர். இருவரும் அன்று புதிதாக அறிமுகமானவர்கள் அல்லர். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர், லண்டன் மாநகரில் ஒருவர் பொருளாதாரமும் மற்றவர் சட்டமும் படித்துக்கொண்டிருந்த காலத்தில், தாய்நாடு விடுதலை பெற்றபின் அதை எப்படி நடத்துவது என்பதை ஆராய்வதற்காகச் சக மாணவர்கள் சிலருடன் சேர்ந்து ‘மலாயன் ஃபோரம்’ என்ற மன்றத்தை உருவாக்கியவர்கள் அவர்கள். அதன் முதல் தலைவர் கோ. இன்று உட்லண்ட்ஸ் வாசிகள் எல்லை என்று எதைச் சொல்கிறார்களோ, அதை வகுத்த பேச்சுவார்த்தையில் மேசையின் இரு பக்கமும் அமர்ந்திருந்தது ஒரே மாணவர் மன்றத்தின் பழைய உறுப்பினர்கள் என்பது, சரித்திரம் சில வேளைகளில் நாவலாசிரியனையும் மிஞ்சிவிடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம்.

அந்த மன்றத்தை நினைவூட்டும் வகையில், மாணவர்களே தலைவர்களாகவும் ஆய்வாளர்களாகவும் பதிப்பாசிரியர்களாகவும் இருந்து, பொதுக் கொள்கைகளை ஆராய்ந்து, அரசாங்கத்துக்கும் பொதுமக்களுக்கும் யோசனை கூறும் ஸ்தாபனங்கள் இப்போது பல தேசங்களின் சர்வகலாசாலைகளில் இயங்கி வருகின்றன. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு ஜனாதிபதி தேர்தல் முடிந்த கையோடு, தேர்தல் வேலையில் ஈடுபட்டுச் சோர்ந்த ஸ்டான்ஃபோர்டு மாணவர்களும் பிற பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ரூஸ்வெல்ட் பெயரால் ஒன்றை ஆரம்பித்தார்கள். தேர்தலுக்குத் துண்டுப் பிரசுரம் விநியோகிக்க மட்டுமே மாணவர் வேண்டும், கொள்கை வகுக்க வேண்டாம் என்ற மனோபாவத்தின் மேல் அவர்களுக்கு ஏற்பட்ட கோபமே அதற்கு மூலகாரணம். இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்ஃபோர்ஸின் பெயரில் இன்னொன்றைத் தொடங்கினார்கள். பெயர் எதுவாயினும் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். சுகாதாரம், கல்வி, போக்குவரத்து, பொருளாதாரம் என்று துறைவாரியாகச் சிறு குழுக்கள் பிரிகின்றன. ஒவ்வொரு குழுவும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது யாரைப் பாதிக்கிறது, இதுவரை என்ன செய்திருக்கிறார்கள், பிற நாடுகளில் என்ன செய்து பார்த்தார்கள், புதிய யோசனைக்கு எவ்வளவு செலவாகும், அந்தச் செலவை யார் தாங்குவது, அதற்கு யார் ஆட்சேபம் தெரிவிப்பார்கள், அந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டா என்ற கேள்விகளுக்கு வரிசையாக விடை தேடிச் சில பக்கங்களுக்குள் ஓர் அறிக்கை எழுதுகிறது. வேறு மாணவர்கள் அதைப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். திருத்தி எழுதப்பட்டபின் அது சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் போகிறது.

படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதே. நம்மவர்களுக்குப் பட்டிமன்றம் நன்றாகப் பழக்கமான விஷயம். அங்கே நடுவர் தீர்ப்புச் சொன்னதும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கொள்கை ஆராய்ச்சியிலோ, பட்டிமன்றம் முடிகிற இடத்தில்தான் வேலையே ஆரம்பமாகிறது. முதியோருக்குப் பேருந்துக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று முழங்குவது சுலபம், அதனால் குறையும் வருமானத்தை எந்தக் கணக்கிலிருந்து ஈடு செய்வது என்று எழுத உட்காரும்போதுதான் பேச்சின் பலமும் பலவீனமும் தெரியவரும். இந்தப் பயிற்சி இருபது வயதில் கிடைக்காவிட்டால் ஐம்பது வயதில் மந்திரியான பிறகு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

மறுபடியும் லண்டனுக்கு வருவோம். மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சென்ற மாணவர்களுக்கென்று பிரயான்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த மலாயா இல்லத்தில்தான் மன்றத்தினர் கூடிப் பேசுவது வழக்கம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர் என்று ஊரில் தனித்தனியே வாழ்ந்தவர்கள், ஊரைவிட்டு வெகுதூரம் போன பிறகுதான் ஒரே அறையில் அமர்ந்து ஒரே தேசத்தைப் பற்றிப் பேசினார்கள். 1950 ஜனவரியில் அந்த மன்றத்தின் முன் லீ குவான் யூ நிகழ்த்திய உரை, படித்துவிட்டுத் திரும்பும் மாணவனின் கடமையைப் பற்றியது. ஆங்கிலேயன் போனபின் அதிகாரத்தை ஏற்க யார் தயாராக இருக்கிறார்கள் என்பதே அதன் சாரம். அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களிலும் பின்னர் வந்து சேர்ந்தவர்களிலும் எத்தனை பேர் கடற்பாலத்தின் இரு கரைகளிலும் பதவி வகித்தார்கள் என்று பார்த்தால், பேச்சு வீண்போகவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் முதல் துணைப் பிரதமரான டோ சின் சாய் அந்த மன்றத்தில் உழைத்தவர். ரசாக் 1970இல் மலேசியாவின் இரண்டாம் பிரதமரானார்.

ஆயினும் என் அபிப்பிராயத்தில், மன்றத்தின் விவாதங்களைக் காட்டிலும் பெரிய விஷயம், கோ கெங் சுவீ அந்த விவாதங்களுக்கு முன்னும் பின்னும் செய்த ஆரவாரமற்ற வேலைதான். லண்டன் போவதற்கு முன்பே அவர் சிங்கப்பூர்ச் சமூக நல இலாகாவில் பணியாற்றி, யுத்தத்துக்குப் பிறகு 1947இல் நடந்த சமூகக் கணக்கெடுப்பில் ஈடுபட்டிருந்தார். திரும்பி வந்தபின், 1953–54இல் நகரத்துக் குடும்பங்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் பற்றி விரிவான கணக்கெடுப்பு ஒன்றை நடத்தினார். அதன் அறிக்கை 1956இல் அச்சாகி வெளிவந்தது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை அறை, அறைக்கு எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, அதில் வாடகைக்குப் போவது எவ்வளவு என்று வீடு வீடாகப் படியேறிக் கேட்டுத் தொகுத்த விவரங்கள் அவை. சைனாடவுன் கடைவீடுகளின் இருண்ட தடுப்பறைகளில் ஜனங்கள் நெருங்கிக் கிடந்ததை அதற்கு முன்பும் பலர் பார்த்துப் பரிதாபப்பட்டதுண்டு. பரிதாபத்தைக் கணக்காக மாற்றியது அந்த அறிக்கை. 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டபோது, வீடில்லாதவர்கள் யார், அவர்களால் கொடுக்கக்கூடிய வாடகை என்ன என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டிய அவசியம் ஆட்சியாளர்களுக்கு இல்லை. இன்று உட்லண்ட்ஸில் வரிசை வரிசையாக நிற்கும் வீவக அடுக்குமாடிகளைப் பார்க்கிறவர்கள் சிமெண்டையும் கம்பியையும்தான் நினைக்கிறார்கள். அவற்றுக்கு முன்னே ஒரு கேள்வித்தாளும் பென்சிலும் இருந்தன.

லண்டன் மன்றம் தூரத்தில் இருந்ததால் ஆபத்தில்லாமல் பேச முடிந்தது. சிங்கப்பூரிலேயே இருந்துகொண்டு பேசியவர்களின் நிலைமை வேறு. 1949 அக்டோபரில், மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து புக்கிட் தீமாவில் மலாயாப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அங்கே 1953 பிப்ரவரியில், பின்னாளில் புகழ்பெற்ற சரித்திராசிரியராக விளங்கிய வாங் கங்வூவை முதல் தலைவராகக் கொண்டு, மாணவர்கள் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் சங்கத்தைத் தொடங்கினார்கள். விடுதலை பெறும் மலாயாவில் பொருளாதாரம், மொழி, கல்வி, இன ஒற்றுமை ஆகியவை எப்படி அமைய வேண்டும் என்று கூடிக் கூடி ஆராய்ந்தார்கள். விடியல் என்று பொருள்படும் ‘ஃபஜார்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். அதன் ஏழாவது இதழ் 1954 மே மாதத்தில் வெளிவந்தது. ஆசியாவில் மேல்நாட்டு வல்லரசுகள் ராணுவக் கூட்டு அமைக்க முற்படுவதைக் கண்டித்து அதில் ஒரு தலையங்கம் இருந்தது. மாணவர்கள் சிலர் எழுதிய தலையங்கத்தால் சாம்ராஜ்யம் ஆடிப்போகுமா என்று யோசிக்கும் நிதானம் அன்றைய காலனி சர்க்காருக்கு இல்லை. மே 28ஆம் தேதி எட்டு மாணவர்களைக் கைது செய்து, ராஜத்துரோகக் குற்றம் சாட்டி நியாயஸ்தலத்தில் நிறுத்தினார்கள்.

அந்த எண்மரின் பெயர்ப் பட்டியலைத் தமிழ் வாசகர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்: ஜேம்ஸ் புதுச்சேரி, எம். கே. ராஜகுமார், பி. அருட்சோதி, தாமஸ் வர்க்கி, எட்வின் தம்பு, போ சூ காய், குவா பூ சிம், லாம் குவான் கிட். முதல் ஐவரும் இந்திய இலங்கை வம்சாவளியின் ரத்தம் ஓடியவர்கள். லண்டனிலிருந்து டி. என். பிரிட் என்ற கீர்த்தி வாய்ந்த ராணி வழக்கறிஞர் வந்து அவர்களுக்காக வாதாடினார். அவருக்கு உதவியாளராக நின்றவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. மூன்றே நாள் விசாரணை. ஆகஸ்ட் 25ஆம் தேதி, மாணவர் தரப்பின் எதிர்வாதத்தைக் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை என்று நீதிபதி எஃப். ஏ. சுவா வழக்கைத் தள்ளுபடி செய்து எல்லோரையும் விடுதலை செய்தார். அந்த வழக்கினால் மாணவர்களுக்குக் கிடைத்த புகழைவிட லீக்குக் கிடைத்த அரசியல் பலன் அதிகம்; அதே ஆண்டு நவம்பரில் தோன்றிய மக்கள் செயல் கட்சியில், சங்கத்தைச் சேர்ந்த பலர் அவருடன் கைகோத்து நின்றார்கள்.

இவர்களைக் கொள்கை ஆய்வாளர்கள் என்று அழைப்பது பொருந்துமா? கண்டிப்பாகப் பார்த்தால், ‘ஃபஜார்’ இதழ்களில் ஆராய்ச்சியைவிட ஆவேசமே மேலோங்கி நின்றது. அந்தத் தலையங்கத்துக்காக அவர்களைச் சிறையில் தள்ள முயன்றது அநியாயம் என்பதற்காக, அந்தத் தலையங்கம் மகத்தான ஆராய்ச்சி ஆகிவிடாது. ஆனால் அந்த ஆவேசம் அவர்களைத் துறைமுகத் தொழிலாளர்களிடமும் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்களிடமும் கொண்டுசேர்த்தது. சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான சந்திரசேகரன் உட்ஹல், உட்லண்ட்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் செம்பவாங் கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார். தமிழர்களும் மலையாளிகளும் பெருந்தொகையாக உழைத்த இடம் அது. பல்கலைக்கழகத்து வாலிபர் ஒருவர் சம்பள விகிதத்தையும் வேலை நீக்கத்தையும் புத்தகத்தில் படிப்பதற்கும், மாலையில் தொழிலாளர் குடியிருப்பில் உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. எட்டுப் பேரில் ஒருவரான ராஜகுமார் பின்னர் மலேசியாவில் சாதாரண ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் குடும்ப மருத்துவராக இருந்துகொண்டே, உலகக் குடும்ப மருத்துவர் ஸ்தாபனத்துக்குத் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார். எட்வின் தம்பு கவிஞரானார்.

சங்கத்திலிருந்து புறப்பட்டவர்களில், உண்மையான கொள்கை ஆராய்ச்சி என்று இன்றைக்கும் எடுத்துக்காட்டத்தக்க ஒரு நூலை எழுதியவர் ஜேம்ஸ் புதுச்சேரி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் போரிட்டவர் அவர். யுத்தம் முடிந்து மாணவராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது மற்ற மாணவர்களைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். 1951இல் ஒரு முறை சிறைவாசம், 1954இல் வழக்கு, 1956இல் தொழிற்சங்கத் தலைவர்களான லிம் சின் சியோங், தேவன் நாயர், உட்ஹல் முதலியவர்களுடன் மீண்டும் சிறை. விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்த அந்தக் காலத்தில், அவர் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் வரவழைத்து வைத்துக்கொண்டு, மலாயாவின் செல்வம் யார் கையில் இருக்கிறது என்று ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஊரெங்கும் நிலவிய நம்பிக்கை, பொருளாதாரம் முழுவதும் சீனர் வசம் இருக்கிறது என்பதுதான். கடைத்தெருவில் நடந்தால் கண்ணுக்குத் தெரிந்தவை சீனர் கடைகள். ஆகவே அதுவே உண்மை என்று மலாய்க்காரரும் இந்தியரும் நினைத்தார்கள், சீனர்களிலும் பலர் அப்படியே நினைத்தார்கள். புதுச்சேரி கடைத்தெருவை விட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். ரப்பர்த் தோட்டங்களையும், ஈயச் சுரங்கங்களையும், ஏற்றுமதி இறக்குமதி வியாபாரத்தையும் ஆட்டிவைத்தவை கத்ரீ, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், சைம் டார்பி, பூஸ்டெட் போன்ற ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்கள். சீன வியாபாரிகளில் பெரும்பாலோர் அவற்றுக்கும் குடியானவனுக்கும் இடையே நின்ற தரகர்கள். ஒரு கம்பெனியின் இயக்குநர் மற்றொரு கம்பெனியிலும் இயக்குநராக இருப்பதையும், பத்துத் தோட்டங்களுக்கு ஒரே ஏஜென்சி நிர்வாகியாக இருப்பதையும் பின்தொடர்ந்து போய் அவர் இதை நிரூபித்தார். சொந்தக்காரன் ஒருவன், ஆட்டிவைப்பவன் வேறொருவன் என்ற நுட்பத்தை மலாயாவின் விஷயத்தில் ஆதாரத்துடன் எடுத்துக்காட்டிய அந்த நூல், ‘மலாயாப் பொருளாதாரத்தில் உடைமையும் ஆதிக்கமும்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1960ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு சமூகத்தின்மேல் மற்றொரு சமூகம் கொண்டிருந்த பொறாமைக்கு அடிப்படையாக இருந்த தகவலே பிழை என்று காட்டியது, நூறு ஒற்றுமை மாநாடுகளைவிடப் பெரிய தொண்டு. பின்னாளில் மலேசியா தனது புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றித் தர்க்கித்தபோதும் அந்த நூலைப் புரட்டாதவர்கள் குறைவு.

1959இல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்து புதுச்சேரியை விடுதலை செய்ததும், நிதியமைச்சர் கோ அவரைத் தொழில் அபிவிருத்திக் கழகத்தின் நிர்வாகியாக நியமித்தார். லண்டன் மன்றத்துக்காரரும் சிங்கப்பூர்ச் சங்கத்துக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்த அந்த நாட்கள் நீடிக்கவில்லை. 1961இல் கட்சி பிளந்தது. 1963 பிப்ரவரி 2ஆம் தேதி இடதுசாரிகளைக் குறிவைத்து நடந்த பெருங்கைதில் புதுச்சேரி மீண்டும் அடைபட்டார். வெளியே வந்தபின் நெடுங்காலம் அவர் சிங்கப்பூருக்குள் கால் வைக்கத் தடை இருந்தது. கடற்பாலத்தின் மறுகரையே அவருக்கு இருப்பிடமாயிற்று. அவர் காலமானது 2000ஆம் ஆண்டில்.

அதற்குப் பின் இரு கரைகளிலும் மாணவர் அரசியலுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. சிங்கப்பூரில் 1964 முதல் 1978 வரை, பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் மாணவன் தகுதிச் சான்றிதழ் என்ற ஒன்றை அரசாங்கத்திடம் வாங்க வேண்டியிருந்தது. அது பரீட்சைத் தகுதியைக் குறித்ததல்ல, அரசியல் போக்கைக் குறித்தது. சோஷலிஸ்ட் சங்கத்தின் ஆயுள் 1971உடன் முடிந்தது. அதே 1971இல் மலேசியா இயற்றிய பல்கலைக்கழகச் சட்டம் மாணவர்களை அரசியல் கட்சிகளிலிருந்து விலக்கி வைத்தது. 2012இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கம்யூனிஸ்ட் அபாயம் நிஜமாக இருந்த காலம் அது என்று ஆட்சியாளர் தரப்பில் சொல்லப்படுகிறது. முற்றிலும் பொய்யென்று அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் அபாயத்தை அடைப்பதற்காகப் போட்ட கதவு கேள்விகளையும் சேர்த்து அடைத்தது என்பதும் மெய். சிங்கப்பூரில் 1988இல் கொள்கை ஆய்வுக் கழகமும், 2004இல் லீ குவான் யூ பெயரிலான பொதுக் கொள்கைப் பள்ளியும் தோன்றின. இரண்டும் மதிப்புக்குரிய ஸ்தாபனங்கள், இரண்டும் பேராசிரியர்களும் நிபுணர்களும் நடத்துபவை.

நிபுணர்கள் இருக்கும்போது மாணவர்கள் எதற்கு என்பதற்கு உட்லண்ட்ஸிலேயே ஒரு விடை கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், சோதனைச்சாவடியை விரிவுபடுத்துவதற்காக மார்சிலிங்கில் ஒன்பது வீவக கட்டடங்களை அரசாங்கம் கையகப்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது; அவற்றிலிருந்த வீடுகள் 700க்கும் மேல், கடைகளும் உணவுக்கடைகளும் தனி. வீட்டுக்காரர்களுக்கு நஷ்டஈடும், உட்லண்ட்ஸிலேயே மாற்று வீடும் ஏற்பாடாயின. சோதனைச்சாவடி பெரிதாவதில் பயன் அடைவோர் லட்சக்கணக்கானவர்கள். அதற்கு விலை கொடுப்போர் சில நூறு குடும்பங்கள். நஷ்டஈட்டுத் தொகையை நிபுணர் சரியாகவே கணக்கிடுவார். ஆனால் எழுபது வயதில் இடம் பெயர்கிறவருக்குப் புது வீட்டின் குத்தகைக் காலம் எவ்வளவு தேவை, காலையில் கடன் சொல்லிக் காப்பி குடித்த கடைக்காரர் எங்கே போனார், வாடகைக்குக் கடை நடத்தியவர் வேறிடத்தில் அதே வாடிக்கையைப் பெற்றாரா, மாறிப்போனவர்கள் ஐந்து ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பவற்றைப் படியேறிக் கேட்டு எழுதக் கால்வலுவும் அவகாசமும் உள்ளவர்கள் மாணவர்கள்தான். நூறு வீடுகளில் கேட்டுத் தொகுத்த ஓர் அறிக்கை, அடுத்த முறை வேறோர் ஊரில் வேறோர் அடுக்குமாடியைக் கையகப்படுத்தும்போது அதிகாரிகளின் மேசையில் இருக்குமானால், அதுவே போதும்.

இன்னொரு விஷயமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்குக் கடலின் மேல் வரும் ஆர்டிஎஸ் ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரைச் சுமக்கும்படி திட்டமிடப்பட்டிருக்கிறது. அத்தனை பேர் ஐந்து நிமிஷத்தில் அக்கரை போய்விட முடியுமானால், உட்லண்ட்ஸில் வாடகை கொடுத்துக் கடை நடத்தும் முடிதிருத்துபவரும் மளிகைக்காரரும் என்ன ஆவார்கள்? கூட்டம் போவதற்கு மட்டும்தானா, வருவதற்கும் வழியுண்டா? ரயில் ஓடுவதற்கு முன் ஒரு முறை, ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டு கழித்து ஒரு முறை, அதே நூறு கடைகளில் அதே கேள்விகளைக் கேட்டு வந்தால் விடை தெரிந்துவிடும்.

இதற்கு வேண்டிய பயிற்சி இவ்வூருக்குப் புதிதன்று. உட்லண்ட்ஸில் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் 2002இல் ஆரம்பமான ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி இங்கேதான் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு பிரச்சினை என்ற முறையில், காலையில் கேள்வியைக் கொடுத்து மாலைக்குள் மாணவர் குழுவே விடை தேடி வந்து விளக்க வேண்டும் என்ற போதனையால் பெயர் பெற்ற கல்லூரி அது. அந்தப் பிரச்சினைகளில் சிலவாவது கல்லூரி வாசலுக்கு வெளியிலிருந்து எடுக்கப்படட்டும் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

மாணவர் மன்றங்களுக்குள்ள குறைகளையும் மறைப்பதற்கில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் உறுப்பினர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவதால், ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. உத்தியோக விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காகவே சேருகிறவர்களும் உண்டு. அதிகாரிகளின் மனம் கோணாதபடி, அரசாங்கம் ஏற்கெனவே செய்ய நினைத்திருப்பதையே யோசனையாக எழுதி அனுப்பும் சாமர்த்தியம் எல்லாவற்றிலும் மோசம். அதைச் செய்ய மாணவர் தேவையில்லை. எல்லாவற்றையும்விட, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வசதியற்றவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, வசதியுள்ளவர்களே படிக்கும்படி ஆகிவிடுவதுண்டு.

இந்தக் கடைசிக் குறை நம்மை நேராகப் பாதிப்பது. 1950களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்ற சந்தேகம் தோன்றிற்று. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் தங்களால் இயன்ற ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்தே அறியாதவர்கள், பல்கலைக்கழகத்தின் கொள்கை என்னவாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்த சம்பவம் அது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். அங்கே தமிழ் மாணவர் மன்றங்களும் இருக்கின்றன, நாடகமும் விவாதப் போட்டியும் சிறப்பாகவே நடத்துகின்றன. அவற்றோடு ஆண்டுக்கு ஒரு கொள்கை அறிக்கையும் வரலாகாதா? சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசலாம். பொருட்படுத்தத்தக்க மசோதாக்களுக்காகத் தெரிவுக்குழு அமைக்கும்போது பொதுமக்கள் எவரும் எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கலாம். 2018இல் இணையப் பொய்ச் செய்திகளை விசாரித்த தெரிவுக்குழுவுக்கு வந்தவை 170 மனுக்கள். சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் இது.

ஆகையால் உட்லண்ட்ஸ் பக்கத்துப் பெற்றோருக்கும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவர்களுடைய மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்சிலிங் குடும்பங்களைப் பற்றியோ, ரயில் வரப்போகும் கடைத்தெருவைப் பற்றியோ, தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தொழிலாளர்களின் தேவைகளைப் பற்றியோ, உங்களுக்கு மனத்தில் படும் ஒன்றை எடுத்துக்கொண்டு, நூறு பேரைக் கேட்டு, செலவையும் ஆட்சேபத்தையும் மறைக்காமல் பத்துப் பக்கம் எழுதுங்கள். ஆங்கிலப் பிரதியை நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். தமிழ்ப் பிரதியை உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கும் பகுதியில் வைக்கக் கொடுங்கள். பதில் சொன்ன அந்த நூறு பேரும் அதை வாசித்து, தாங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று சரிபார்க்கட்டும்.